சமம் என்று சொன்ன வரி

உன் தம்பி போன வாரம் உன் லேப்டாப் பையை ஜமுனாமரத்தூர் அறைக்கே எடுத்துவந்து கொடுத்தான். "அக்காவோடது. எங்க வூட்ல யாருக்கும் இதத் தொறக்கத் தெரியாது. நீங்களே வச்சிக்கங்க" என்றான். டீ போடுகிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிவிட்டான். ஜிப்பை இழுத்ததும் புளி வாசனை. புளி மூட்டை அடுக்கிய அறையில்தான் இத்தனை மாதமும் அது கிடந்திருக்கிறது. சார்ஜர் ஒயர்கூடப் பிசுபிசுவென்று ஒட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுகிறேன்.

உனக்கு எழுதலாம் என்று அப்போதுதான் நினைத்தேன். உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நீ இருக்கும்போது அதைச் சொல்லித் தீர்த்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை.

நமக்குள் எதுவும் ஒளிவுமறைவாக இருந்ததில்லை, அதுவரைக்கும். வேலூரில் கல்லூரி முதல் வருடம் அகர வரிசைப்படி உட்காரவைத்ததில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. நான் படவேட்டுக் கரும்புக்கொல்லையிலிருந்து வந்தவள். நீ மலைமேலிருந்து வந்தவள். "எங்க வூட்லேர்ந்து பார்த்தா உங்க ஊரு பச்சையா ஒரு துணி காயப்போட்ட மாதிரி தெரியும்" என்று நீ சொன்னாய். கீழிருந்து பார்த்தால் உங்கள் ஊர் தெரியவே தெரியாது, வெறும் மலைதான் தெரியும் என்றேன். அதற்கு நீ சிரிக்கவில்லை. "அதான் எங்களுக்கு எதுவும் வர்றதில்ல போல" என்றாய்.

படிப்பு முடிந்து பெங்களூரில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். அங்கேதான் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுத உட்காரவைத்தார்கள். முதல் மூன்று மாதம் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகு வேறு மொழியில் எழுதப் பிடிக்காமல் போயிற்று. எந்தப் பொருள் எந்த வகை என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், வகை மாறி எதையாவது வைத்தால், நாம் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிற கம்பைலர் ஓடவே விடாது. கண்டிப்பான மாமியார் என்று நீ அதற்குப் பேர் வைத்திருந்தாய். அந்தக் கண்டிப்பில் நமக்கு ஒரு நிம்மதி இருந்தது. கம்பைலர் ஒத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும் என்று நாமிருவரும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மாமியார் நம்மை அப்படியே நம்பிவிடுவாள். ஒரே வகையான இரண்டு பொருளில் எது முன், எது பின் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் அவள் கேள்வி கேட்கமாட்டாள்.

அதன் முதல் பாடத்தைக் கண்டுபிடித்தவள் நீ. புகார்களை வரிசைப்படுத்தும் ஒரு புரோகிராம். உடனடி, அவசரம், சாதாரணம் என்று மூன்று நிலை. எழுதிவைத்த வரிசையையே முன்பின்னாக எடுத்துக்கொள் என்று விட்டிருந்தோம். நம் டீமில் ஒருவன் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்த மூன்று பெயர்களையும் ஆங்கில அகர வரிசையில் மாற்றி அடுக்கிவிட்டான். அவசரம் கடைசிக்குப் போய்விட்டது, சாதாரணத்துக்கும் பின்னால். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. இரண்டு வாரம் அவசரப் புகார்களெல்லாம் அடியில் கிடந்தன. நீ கண்டுபிடித்துவிட்டு நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "அழகுக்கு அடுக்குனா, இது அர்த்தம்னு எடுத்துக்குது பாரேன்" என்றாய். அன்று மதியம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். புகார் கொடுத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. முகம் தெரியாதபோது சிரிப்பது சுலபம்.

ஊரடங்கில் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. உன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, எனக்குப் பெங்களூர் சலித்துவிட்டது. ஜமுனாமரத்தூர் சந்தைமேட்டுக்குப் பக்கத்தில் உரக்கடை மாடியில் அறை எடுத்தோம். மலையில் பேர் சொல்லும்படி இணையம் வருகிற இடம் அது ஒன்றுதான். வெளியூர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்துகொடுத்தோம். சனிக்கிழமை நான் பஸ் பிடித்துப் படவேட்டுக்கு இறங்குவேன், திங்கள் காலை ஏறி வருவேன். மலைப்பாதையின் வளைவுகளில் தலை சுற்றி, அறைக்கு வந்ததும் பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து உட்காருவேன். நீ ஒன்றும் கேட்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பாய்.

மருத்துவ வேன் நடத்துகிற அறக்கட்டளைக்காரர்கள் நம்மைத் தேடி வந்தது அப்புறம்தான். ரோடு போய்ச் சேராத குக்கிராமங்களில் கர்ப்பிணிகளைப் போய்ப் பார்க்கிற வேன். வேன் ரோட்டிலேயே நின்றுவிடும், நர்ஸ் இறங்கி நடப்பாள். யாரை எப்போது பார்க்க வேண்டும் என்பதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதை நர்ஸுகள் கையில் எடுத்துப்போகிற டேப்லெட் கணினியில் கொண்டுவர வேண்டும். "இத நாம செய்யலாம்டி. கஸ்டமர் மூஞ்சியப் பார்க்கலாம் ஒரு தடவையாச்சும்" என்றாய். நீ அவ்வளவு உற்சாகமாக ஒரு வேலையை எடுத்ததை நான் பார்த்ததில்லை. ஹாஸ்கெல்லிலேயே எழுதுவோம், தப்பு வராது என்றும் சொன்னாய்.

அந்த வரியை எழுதியது நான். மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பதிவு: பேர், ஊர், வயது, எத்தனை மாதம், எவ்வளவு கவனம் தேவை. இரண்டு பதிவில் யாரை முதலில் காட்டுவது? முதலில் கவனத்தின் அளவைப் பார், அது ஒன்றாயிருந்தால் ஊரைப் பார் என்று எழுதினேன். ஊரும் ஒன்றாயிருந்தால்? அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. சமம் என்று விட்டுவிட்டேன். ஒரே ஊரில் இரண்டு பேர் என்றால் யாரை முதலில் பார்த்தால் என்ன, இரண்டு வீட்டுக்கும் நர்ஸ் போகத்தானே போகிறாள்? "சமம்" என்று நான் எழுதியதற்கு, யார் முந்தினாலும் பரவாயில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு அது சரியாகவே ஓடியது. இருவர் பேரும் அடுத்தடுத்து வந்தன.

நாலு மாதம் கழித்து நர்ஸுகளிடமிருந்து ஒரு தொந்தரவு. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் அனுப்பு என்ற பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்திவிடுகிறார்கள், ஒரே பேர் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறது. நீ அதைச் சரிசெய்தாய். பதிவுகளையெல்லாம் ஒரு செட்டில் போட்டாய். செட் என்பது ஒரு பொருளை ஒருமுறைக்குமேல் வைத்துக்கொள்ளாத டப்பா. ஏற்கெனவே இருக்கிறதா என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? எது முன் எது பின் என்று நாம் சொல்லிக்கொடுத்த அதே வரியைத்தான் கேட்கும். அந்த வரி "சமம்" என்றால், அதற்கு இருவரும் ஒருவரே. பின்னால் வந்தவள் முன்னால் இருந்தவளின் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். முன்னவள் போய்விடுவாள்.

நீ எழுதியது நாலே வரி. நான் படித்துப் பார்த்துச் சரி என்று அழுத்தினேன். இரண்டு பதிவும் ஒன்றா என்று நேராகக் கேட்டால் நம் புரோகிராம் இல்லை என்று சொல்லும். எது முந்தி என்று கேட்டால் சமம் என்று சொல்லும். ஒரே வாயில் இரண்டு பேச்சு. கம்பைலருக்கு அது தெரியாது. சோதித்துப் பார்க்க நாம் போட்டிருந்த பேர்களெல்லாம் வேறு வேறு ஊர். பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு ஊரில், ஒரே நேரத்தில், ஒரே அளவு கவனம் தேவைப்படும் இரண்டு கர்ப்பிணிகள் என்பது அபூர்வம். அதனால் பல மாதம் ஒன்றும் ஆகவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு நான் சொல்லாதது.

ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். நீ கீழே சாமை அரிசி வாங்கப் போயிருந்தாய். நர்ஸ் கஸ்தூரி போன் செய்தாள். நம் பட்டியலை முதன்முதலில் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். அதை நம்மைவிட நன்றாக அறிந்தவள்.

"மேடம், பலாக்கொல்லையில ஒரு பேரு வரலீங்க. சாந்தின்னு. செல்வி பேரு மட்டும்தான் வருது."

நான் அப்போது ஒரு வெளியூர்க் கம்பெனியின் வேலையில் தலையைக் கொடுத்திருந்தேன். அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசினேன்.

"ரெண்டு தடவ ஏத்தியிருப்பீங்க கஸ்தூரி. இப்ப அப்படி ஏத்துனா ஒண்ணு தானா போய்டும்."

"இல்லீங்க மேடம். அவங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளு. பக்கத்துப் பக்கத்து வூடு. நான் அடுத்த வாரத்துலேர்ந்து வேற ரூட்டுக்குப் போறேன். புதுசா வர்ற பொண்ணுக்கு ஊரு தெரியாது, ஆளு தெரியாது. அது லிஸ்ட்டத்தான் நம்பும். அதான் சொல்ட்டுப் போலாம்னு."

"சரி, நான் பார்க்கறேன்" என்றேன்.

அவள் இரண்டாம் முறை கேட்டாள். "மறக்காம பாருங்க மேடம்."

"பார்க்கறேன்னு சொன்னேன்ல."

வைத்துவிட்டேன். பார்க்கவில்லை. நீ சாமையும் ஒரு கட்டு கீரையுமாக மேலே வந்து, யார் போனில் என்று கேட்டாய். சும்மா, வேன்காரங்க என்றேன். அது பொய்யில்லை. பொய் பிறகு வந்தது. அந்த வாரம் ஒரு வேலை, அடுத்த வாரம் ஒரு வேலை. என்ன வேலை என்று யோசித்தால் இன்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

சாந்திக்கு எட்டாம் மாதம். வேன் இரண்டு முறை வந்தது. புது நர்ஸ் இரண்டு முறையும் பலாக்கொல்லைக்கு நடந்துபோய், செல்வி வீட்டில் உட்கார்ந்து, செல்விக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் சாந்தி கால் வீங்கிப் படுத்திருந்தாள். லிஸ்டில் இல்லை என்றால் அந்தப் புது நர்ஸுக்கு எப்படித் தெரியும்? சாந்தி வீட்டாரும் கேட்கவில்லை. ஒருவேளை நமக்கு இந்தத் தடவை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் விடிந்ததும் வலிப்பு வந்தது. போர்வையில் கம்பைக் கோர்த்து டோலி கட்டி ரோட்டுக்குத் தூக்கிவந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து போன் வந்தபோது நாம் இருவரும் அறையில் இருந்தோம். நீதான் எடுத்தாய். பேசப்பேச உட்கார்ந்துவிட்டாய். "பேரு லிஸ்ட்லயே இல்லையாமே" என்று மட்டும் என்னிடம் சொன்னாய். பதிவைத் தேடினாய், சாந்தியின் பதிவு பத்திரமாக இருந்தது. பட்டியலைத் திறந்தாய், அதில் இல்லை. ஒரே ஊர், ஒரே அளவு கவனம் என்று கற்பனையாக இரண்டு பேரை ஏற்றிப் பார்த்தாய். ஒரு பேர் வந்தது. திரையை என் பக்கம் திருப்பினாய்.

"பாரு."

பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கண்டுபிடிக்க. கஸ்தூரி சொன்ன அன்றைக்கே நான் உட்கார்ந்திருந்தாலும் அதே கால் மணி நேரம்தான்.

"இத்தன நாளா யாரும் சொல்லவேயில்லையா? முன்னாடியே யாராச்சும் போன் பண்ணாங்களா?" என்று நீ கேட்டாய். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. எங்கே நழுவியது என்று தேடுகிற குரல்.

"இல்ல" என்றேன்.

உனக்குச் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான்.

அன்று மாலையே திருத்தினாய். கவனம், ஊர், அதற்கப்புறம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட தனி எண் என்று ஒப்பிடும் வரியை முழுதாக மாற்றி எழுதினாய். இனி வேறு வேறு ஆள் இருவர் சமமாகவே முடியாது. அதுவரை விட்டுப்போன பேர்களையெல்லாம் தேடி எடுத்தாய். இன்னும் சிலர் இருந்தார்கள், தெய்வாதீனமாக எல்லோரையும் யாரோ ஒருவர் எப்படியோ பார்த்திருந்தார்கள். திருத்தத்தோடு சேர்க்கும் குறிப்பில் "என் பிழை. செட்டில் போடுமுன் ஒப்பிடும் விதியை நான் படிக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். எந்த வரியை யார் எழுதியது என்று அதன் பக்கத்திலேயே பேர் பதிவாகியிருக்கும்; வரியை நீ மாற்றிவிட்டதால் அங்கே இருந்த என் பேரும் போய்விட்டது. நான் அதைப் படித்தேன். அது என் வரி, என் பிழையும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாய்.

"எங்க போற?"

"பலாக்கொல்லைக்கு. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டாளாம். சொல்லணும்ல."

"இன்னான்னு சொல்லுவ? செட்டு, வரிசைன்னா அவங்களுக்கு இன்னா புரியும்?"

"தப்பு அவங்க மேல இல்ல, நர்ஸு மேல இல்ல, எங்க மேலன்னு சொன்னா புரியும்" என்றாய். கொஞ்சம் நின்றாய். நானும் வருவேனா என்று பார்த்தாய் என்று நினைக்கிறேன். மற்றப் பட்டியல்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். முந்தின நாளே நீ அதைச் செய்து முடித்திருந்தாய் என்பது இருவருக்கும் தெரியும். "சரி" என்றுவிட்டுப் போனாய்.

திரும்பி வந்தபோது உன் சேலையில் சிவப்பு மண். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "சொல்ட்டு வந்துட்டேன்" என்றாய். முகம் கழுவிவிட்டு வேலையில் உட்கார்ந்தாய். அதற்கப்புறம் அதைப்பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தை நான் எப்படி எழுதுவது? வேலை நடந்தது. பட்டியல் சரியாக ஓடியது. நீ பழையபடி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாய். சிரிப்பு மட்டும் குறைந்துபோயிற்று. அதற்கு நான் வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டேன். நீ மெலிந்தாய், மதியத்தில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வாய். "இன்னாடி?" என்றால் "அசதியா இருக்குது" என்பாய். எனக்கும்தான் என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே அசதி என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் இருந்த கட்டி கல்லீரல்வரை போயிருந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம்.

உன்னை எடுத்துக்கொண்டுபோன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுக் களத்தில் ஆட்கள் குடை பிடித்து நின்றார்கள். கஸ்தூரி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். எல்லாம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, நானும் அவளும் மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒதுங்கி நின்றோம். எனக்கு அதைக் கேட்க அந்த நேரமா கிடைத்தது என்று நீ நினைக்கலாம். அதைவிட்டால் வேறு நேரத்தில் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

"கஸ்தூரி, அன்னிக்கி நீங்க எனக்குப் போன் பண்ணது... இவகிட்ட எப்பயாச்சும் சொன்னீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேங்க மேடம். அந்தப் புள்ள போன மறுவாரமே. உங்ககிட்ட சொல்ட்டுத்தான் வந்தேன், அப்பறம் எப்படி வுட்டுப்போச்சுன்னு கேட்டேன்."

"அவ இன்னா சொன்னா?"

"என்னிக்கி போன் பண்ணேன்னு கேட்டாங்க. அப்பறம், 'தெரியும் கஸ்தூரி. இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க'ன்னாங்க."

தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். தெரியாது உனக்கு, அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டாய். ஒன்றரை வருடம், எட்டுக்குப் பத்து அறையில், தெரிந்துகொண்டே எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்திருக்கிறாய். நான் சொல்வேன் என்று காத்திருந்தாயா? சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டாயா? திட்டியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கலாம். பலாக்கொல்லைக்குப் போனபோது எங்க மேல தப்பு என்று சொன்னாயா, என் மேல என்று சொன்னாயா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்க வழியில்லை. அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

நேற்று போனேன்.

பஸ்ஸில் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தேன். நீ போன வழி இதுதானா என்று வழியில் சாமைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். எந்தக்கா என்றார்கள், சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். பலாக்கொல்லை ஒரு சரிவில் இருக்கிறது. சாந்தி வாசலில் உட்கார்ந்து முறத்தில் அவரை உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். வயிறு தெரிந்தது, ஐந்தாம் மாதமாம்.

நான் யாரென்று சொன்னேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேர் விட்டுப்போனதற்குக் காரணமான வரியை எழுதியவள் நான். கஸ்தூரி முன்னாலேயே போனில் சொன்னாள், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காதவளும் நான். பார்த்திருந்தால் கால் மணி நேர வேலை. இதை அந்தக்காவிடமும் மறைத்துவிட்டேன்.

அவள் முறத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக்கா அப்டி சொல்லலீங்களே" என்றாள். "நான்தான் எழுதுனேன், நான்தான் பார்க்காம வுட்டேன்னாங்க. எங்க மாமியா வாயில வந்தபடி கத்துனாங்க. மண்ண வாரித் தூத்துனாங்க. அந்தக்கா நகரவே இல்ல. அப்டியே நின்னுக்கினு இருந்தாங்க. நான்தான் எந்திரிச்சிப் போய் தண்ணி குடுத்தேன்."

சேலையில் ஒட்டியிருந்த மண் எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏதோ வழியில் விழுந்திருப்பாய் என்று நினைத்தேன். கேட்கவும் இல்லை.

"அவங்க செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க மாமியா அழுதுச்சி. நாமதான் கத்துனோம், அந்த வவுத்தெரிச்சல்தானோன்னு" என்றாள் சாந்தி.

"அதெல்லாம் இல்லமா. அது வேற நோயி."

"அப்டியா. மாமியா வந்தா அதுகிட்ட இத சொல்லிட்டுப் போங்க." கொஞ்ச நேரம் அவரையை உதிர்த்தாள். என்னைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்வரை கொண்டுவந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்காமல் நிமிர்ந்தாள்.

"இப்ப என் பேரு வருதா?"

"வருது."

"வாயால சொன்னா? காட்டுங்க."

அங்கே சிக்னல் இல்லை. அவளே எழுந்து, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கொல்லைமேட்டில் இருக்கிற பாறைக்குக் கூட்டிப்போனாள். மெதுவாக நட, மெதுவாக நட என்று அவளிடம் சொன்னேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். பாறைமேல் போனைத் தூக்கிப்பிடித்துக் காத்திருந்தோம். பட்டியல் வந்தது. அவள் வாங்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பேராகத் தொட்டுப் படித்தாள். பலாக்கொல்லை, சாந்தி. அதற்கு அடுத்த வரி, பலாக்கொல்லை, அம்சா. இரண்டுக்கும் எதிரே ஒரே அளவு கவனம்.

"அம்சா எங்க நாத்தனாரு. அதுக்கும் அஞ்சாம் மாசந்தான்" என்றாள். மறுபடி ஒருமுறை மேலிருந்து தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கீறோம்" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

மாமியார் வருகிறவரை இருந்து, உன் நோய் என்னவென்று அந்த அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். உன்மேல் போட்ட பழியில் என் பங்கை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கத்தத் தெம்பில்லாமலோ என்னவோ, "இன்னும் எத்தினி பேரு வந்து சொல்லுவீங்க" என்று மட்டும் சொன்னாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன். முழங்கால் இரண்டும் கடுத்தன. மனசு லேசாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். ஆகவில்லை.

உன் பங்கு வேலையையும் சேர்த்து இப்போது நானே பார்க்கிறேன். வேன் போகிற ஊர்கள் கூடிவிட்டன, நர்ஸுகள் கூடிவிட்டார்கள், நாளுக்கு ஏழெட்டு போன் வருகிறது. பாதிக்குமேல் ஒன்றுமிருக்காது: சார்ஜ் இல்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, சிக்னல் இல்லை. சில நாள் மணி அடிக்கும்போதே தோள்பட்டை வலிக்கிறது. ஆனாலும் யாராவது ஒரு பேர் வரவில்லை என்று ஆரம்பித்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, பேனாவை எடுத்து, ஊர் என்ன, பேர் என்ன, பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவர்கள் முடிக்கும்வரை திரையைப் பார்ப்பதில்லை. களைப்பாகத்தான் இருக்கிறதடி. எழுதிக்கொள்கிறேன்.